கைப்பிடிக்கு நான்கு துளைகள்

நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்காக துருக்கியில் மலாத்யா நகரத்து மேட்டில் கட்டிய குடியிருப்பு அது. ஐந்தாம் மாடிக்கு என்னை அழைத்தவள் ஹாலிதே. அவள் கணவன் வாஹித் முன்பு லாரி ஓட்டியவன். இடிபாட்டுக்குள் இரண்டு நாள் கிடந்ததில் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. குளியலறையில் சக்கர நாற்காலியிலிருந்து தானே எழும்பி மாறி உட்கார அவனுக்கு ஒரு இரும்புக் கைப்பிடி வேண்டும். அதுவரை ஹாலிதேதான் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் பத்து நிமிஷத்துல மாட்டிட்டுப் போனாரு மேஸ்திரி," என்றான் வாஹித். "நான் ரெண்டே நிமிஷத்துல கழட்டிட்டேன்."

சிரித்தான். முன்பல் இரண்டைக் காணோம்.

சுவரில் நான்கு ஓடுகளைப் பெயர்த்தேன். உள்ளே வெள்ளை மெத்துக்கல், காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான சிமெண்டுக் கல், பத்து சென்டிமீட்டர் கனம். சாவியால் கீறினால் மாவாக உதிர்ந்தது. கண்ணாடி, அலமாரி என்றால் சமாளிக்கலாம். ஒரு ஆள் தொங்கிக் குலுக்கும் பாரத்தை அது தாங்காது. துளையில் பசை ஊற்றிக் கம்பி இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, நானே பிடித்துத் தொங்கினேன். கம்பியைச் சுற்றிக் கல் விரிந்தது. தரையிலிருந்து கம்பம் நடலாம். நட்டால் நாற்காலி நுழையாது. மறுபக்கம் வரை துளைத்து, அங்கே இரும்புத் தகடு வைத்து, போல்ட்டால் இறுக்குவது ஒன்றுதான் மிச்சம்.

மறுபக்கம் பெஹிஜேயின் படுக்கையறை. தனியாக இருந்தாள். அவள் மகன் துர்சுன் பழைய வீட்டோடு போனவன்.

"அக்கா, உங்க சுவர்ல நாலு ஓட்டை விழும். மேல பூசிக் கொடுத்துடறேன்."

"அவன் பாவம், போட்டுக்கோங்க. ஆனா அந்தத் துளைக்கிற மெஷின் மட்டும் வேண்டாம். இடிபாட்டுப் பக்கத்துல அஞ்சு நாள் நின்னு கேட்டாச்சு அதை."

"மெத்துக்கல்லுதானே அக்கா, கையாலேயே துளைச்சுடுவேன். சத்தமே வராது."

அந்த வாக்கைக் கொடுத்தது நான்தான்.

மறுநாள் கைத்துளைப்பானை மெதுவாகத் திருகினேன். கல் சரசரவென்று அரைபட்டது. மூன்று துளைகள் பாதி ஆழம் போயின. நான்காவதைத் தொட்டபோது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினார்கள்.

"துர்சுன்! அம்மா இங்கதான்டா இருக்கேன். சுரண்டு, விடாம சுரண்டு. வந்துட்டேன்."

என் கை நின்றது.

"ஏன்டா நிறுத்திட்டே? டேய்!"

ஹாலிதே ஓடினாள். பின்னாலேயே போனேன். பெஹிஜே கட்டிலைத் தள்ளிவிட்டு, ரொட்டிக் கத்தியால் சுவரைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பூச்சு போய், கல்லில் ஒரு கை புகும் அளவுக்குக் குழி. கத்தி நழுவியும் நகங்கள் நிற்கவில்லை. ஹாலிதே அவளை இறுகக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது வாஹித் குளியலறை வாசலில் இருந்தான்.

"மூடிடுங்க மேஸ்திரி."

"அவங்க வெளியே போற நாளாப் பார்த்து முடிச்சிடலாமே?"

"நானும் உள்ளருந்து இப்படித்தான் சுரண்டினேன். எனக்குப் பதில் குரல் வந்துச்சு. அவங்க பையனுக்குக் குரல் கொடுத்தும் பிரயோஜனம் இல்ல. அந்தச் சுவத்தைப் பிடிச்சுத் தொங்கி நான் குளிக்கணுமா? வேண்டாம்."

ஹாலிதேதான் மறுபடி அவனைத் தூக்கி இறக்கினாள். துளைகளை அடைத்து ஓடுகளை ஒட்டினேன். பெஹிஜே தன் பக்கத்துக் குழியைப் பூச விடவில்லை.

ஏப்ரலில் ஹாலிதேயின் முதுகெலும்புத் தட்டு விலகியது. இனி ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்றார்கள். வாஹித்தைப் பக்கத்து மாகாணத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். நாற்காலியை வண்டியில் ஏற்ற நானும் போயிருந்தேன். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி அவள் போய்வந்தாள். இலையுதிர்காலத்தில், உன் முதுகு தாங்காது, இனி வர வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.