ஆயுள் சந்தாவுக்குப் பேரம்

எங்கள் ஜிம் டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து சந்தா விற்பது என் வேலை. வருகிற ஆள் வாங்குவாரா, வாயைக் கிளறிவிட்டுப் போவாரா என்பது அவர் படியேறும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். வாங்குகிறவர் தடதடவென்று ஏறி வந்து, என்னைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். பேரம் பேச வருகிறவர் ஒவ்வொரு படியாக நின்று, இங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது, அங்கே பல்பு போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். குழாய்க் கடைக்காரர் அப்படித்தான் நின்று நின்று வந்தார்.

அவரைக் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். குழாய், வால்வு, மோட்டார் விற்கிறார். ஒரு வாஷர் வாங்கப் போனவர் தலையில் முழுக் குழாயையே கட்டிவிடுவார். அதே மனிதர் சாமான் வாங்க வந்தால், மற்ற கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிடலாமா என்று யோசிப்பார்கள்.

மாதச் சந்தா, வருடச் சந்தா, ஆயுள் சந்தா மூன்றையும் விசாரித்தார். ஆயுள் சந்தா ஐந்து வருடத்துக் காசு. ஒரே தடவை கட்டினால் உயிரோடு இருக்கும்வரை வரலாம். ஜிம் உயிரோடு இருக்கும்வரை என்பதுதான் சரி, ஆனால் அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அவருக்கு டிரெட்மில்லில் நடந்தால் மட்டும் போதுமாம். மற்ற கருவிகளையெல்லாம் தொடப் போவதில்லை, அதனால் டிரெட்மில்லின் பங்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு எரிச்சல். நடக்கத் தெரு இருக்கிறதே சார், காசே வேண்டாமே என்று சொல்லிவிட்டேன். விற்கிறவள் பேசுகிற பேச்சா அது? அவர் கோபப்படவில்லை. தெருவில் நாய்த் தொல்லை என்றார்.

அதற்குப் பிறகு ஆயுள் சந்தாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருபது வயதுப் பையனுக்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கும் ஒரே விலை என்பது எந்த ஊர் நியாயம்? அவன் நாற்பது வருஷம் இந்தப் பெல்ட்டைத் தேய்ப்பான். தனக்கு அவ்வளவு காலம் கிடையாது. ஆளுக்குத் தகுந்த ஆயுள், ஆயுளுக்குத் தகுந்த விலை என்று போட்டால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லை. பத்து சதவீதம் வரை குறைக்க எனக்கு அனுமதி உண்டு, அதற்கு மேல் மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். மாஸ்டர்தான் முதலாளி, ஒரு காலத்தில் பளு தூக்கியவர். யோசித்துவிட்டு வருகிறேன் என்று கடைக்காரர் கிளம்பினார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் மனைவியோடு வந்தார். கடையில் கல்லாவில் உட்காருகிற அம்மா. தனியாகப் பேசி முடித்தால் மனிதர் ஏமாந்துவிடுவார் என்று ஒட்டிக்கொண்டு வந்தாராம். ஊரையே ஏமாற்றுகிற மனிதரை நான் ஏமாற்றுவதாவது? தொப்பையைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் அந்த அம்மாவுக்கு ஒரே ஆச்சரியமாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்போதுதான் உருப்படியான ஆசை வந்திருக்கிறது, கெடுப்பானேன் என்று சிரித்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பணம் அதில்தான் இருந்தது.

கடைக்காரர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும். உங்களைப் பார்த்தால் தொண்ணூறு வயது வரை இருப்பீர்கள் போலிருக்கிறது, அப்படிப் பார்த்தால் இது சும்மா கொடுத்த மாதிரி என்றேன். இதைக் கேட்டால் சாதாரண ஆட்கள் குளிர்ந்துபோவார்கள். அவர் ஏதோ பழுதான மோட்டாரை விற்கப் பார்த்தது போல என்னை முறைத்தார். தொண்ணூறெல்லாம் கட்டாது என்றார்.

எண்பது என்றேன். அதுவும் ஜாஸ்தி என்றார். அந்த அம்மாவும் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். மாமனார் அறுபத்தெட்டிலேயே போய்விட்டாராம், பெரிய மச்சினர் அதைக்கூடத் தாண்டவில்லையாம், இவர்கள் வம்சத்தில் யாருக்கும் எண்பது கிடையாதாம். புருஷனுடைய ஆயுளை வெண்டைக்காய் விலை மாதிரி இரண்டு பேருமாக அடித்துக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், அறுபத்தெட்டே இருக்கட்டும், அப்போதும் இன்னும் பத்து வருஷம் இருக்கிறது, ஐந்து வருடக் காசுதானே கேட்கிறேன் என்று மடக்கினேன்.

மடக்கியதுதான் தப்பாகப் போயிற்று. பேரத்தில் தோற்பது அந்த மனிதருக்குத் தாங்காது. மேஜையில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"பத்தா? டாக்டரே மூணுதாம்மா சொல்லியிருக்காரு. மூணு வருஷத்துக்கு என்ன காசோ அதை வாங்கிக்க."

சொல்லிவிட்டு, ஜெயித்துவிட்ட முகத்தோடு என்னைப் பார்த்தார். நான் என்ன பதில் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அப்புறம்தான் அவரும் திரும்பிப் பார்த்தார்.

"எந்த டாக்டர்?" என்றார் அந்த அம்மா.

சும்மா பேரத்துக்காகச் சொன்னேன் என்றார் அவர். அந்த அம்மா இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இத்தனை வருஷமா நீங்க கடையில பொய் சொல்றத பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இது அது இல்ல."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கடையில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்த அன்று, வங்கிக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இதயத்தின் பம்பிங் பாதியாகக் குறைந்துவிட்டதாம். மருந்து எழுதிக் கொடுத்து, தினமும் மெதுவாக நடக்கச் சொன்னார்களாம். தனியாக நடக்கக் கூடாது, மயக்கம் வந்தால் பிடிக்க ஆள் இருக்கிற இடமாக இருக்க வேண்டும் என்றார்களாம். படியில் அவர் நின்று நின்று வந்தது பெயிண்டைப் பார்க்க இல்லை. மாத்திரையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். கடையில் அரை அங்குல வால்வுப் பெட்டியில் என்றார். அந்தப் பெட்டியை நான் எடுக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும் என்றார் அந்த அம்மா. குரல் ஏறவே இல்லை. எனக்குத்தான் கடைக்காரர் மேல் கோபம் பொங்கியது. வீட்டில் சொல்லாததை, காசு குறையும் என்றதும் முன்பின் தெரியாத என்னிடம் சொல்லிவிட்டாரே. கூடவே, பத்து என்று மடக்கிய என் நாக்கையும் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் எழுந்து வந்தார். டாக்டர் நடக்கச் சொன்னது நிச்சயம்தானா என்று அவரிடம் ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றதும், சார் சொன்ன விலைக்கே போட்டுவிடு என்று என்னிடம் சொன்னார். நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.

"முழு விலை போடும்மா" என்றார் அந்த அம்மா.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நிமிர்ந்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்து பணத்தை வெளியே எடுத்துவிட்டிருந்தார். கடைக்காரர் பதறிப்போனார். டாக்டர் பேச்சை எடுத்தபோது வராத பதற்றம் அது.

"அவரே குறைச்சுக்கறேங்கறாரு. வலிய வந்த தள்ளுபடிய யாராவது வேணாம்பாங்களா?"

"மூணு வருஷ விலைக்கு வாங்கினா மூணு வருஷத்துல உங்களுக்குக் கணக்கு நேராயிடும். ஆளு நிம்மதியாயிடுவீங்க. அது ஆகாது. அஞ்சு வருஷக் காசு போடறேன். போட்ட காசை எடுக்காம எதையும் விட்டது கிடையாது நீங்க. இதையும் எடுங்க. அதுக்கு மேல லாபம் பாருங்க."

அவர் பேரத்தை விட்டுவிட்டு, மேஜையில் ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டார். கடைத்தெருவில் யாரும் பார்த்திராத காட்சி அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முழு விலைக்கு எனக்குக் கமிஷன் அதிகம், அன்று அதை நினைக்கவே பிடிக்கவில்லை. அந்த அம்மா நோட்டுகளை எண்ணி மேஜையில் வைத்தார். பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய், முதலிலிருந்து மறுபடி எண்ணினார். கல்லாவில் உட்காருகிறவருக்கு வழக்கமாக அப்படி நடக்காது.

கடைக்காரர் ரசீதை வாங்கி, தொகையை இரண்டு தடவை படித்தார். தேதியையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைய தேதி போட்டிருப்பதால் இன்றைக்கும் கணக்கில் சேருமா என்று கேட்டார். சேரும் என்றேன்.

"அப்ப இன்னிக்கு ஏன் விடணும்?"

செருப்போடு ஏறக் கூடாது என்று மாஸ்டர் தன்னுடைய பழைய ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார். அது பெரிதாக இருந்ததால் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார். பெல்ட்டை இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் வைத்தார். கடைக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடி மேல் அடி வைத்தார். அந்த அம்மா பக்கத்தில் போய் அதே கைப்பிடியைத் தானும் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வலிக்கும், போய் உட்காரு என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"பேசாம நடங்க" என்றார் அந்த அம்மா.