கை பொறுக்கிற சூடு

நொதி ஒரு நோஞ்சான். கொஞ்சம் சூடு ஏறினால் போதும், செத்துவிடும். இதை என் கணவரிடம் ஒழுங்காகச் சொல்லாமல் பஸ் பிடிக்க ஓடினேன் பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் எழிலரசன். செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் பஜ்ஜிக் கடை. நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். கடையில் காய்ந்து கறுத்த எண்ணெயை நொதி, அதாவது என்சைம், விட்டு டீசலுக்குப் பதிலாக ஊற்றும் எரிபொருளாக மாற்றிக் காட்டினால், ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக எங்கள் பேராசிரியை மேடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை கடைசி நாள். கொடுத்த நொதியோ ஒரு சின்ன பாட்டில். ஒரு தடவைக்குத்தான் வரும்.

சனிக்கிழமை காலையில் எண்ணெயில் ஆல்கஹாலும் நொதியும் கலந்து, கேனை வெந்நீர் அண்டாவில் இறக்கினேன். அவசரத்தில் தெர்மாமீட்டரையும் உடைத்துத் தொலைத்தேன். லீவும் கிடையாது.

"தண்ணி கை பொறுக்கிற சூட்டுலயே இருக்கணுங்க. ஆறிச்சின்னா வெந்நீர் ஊத்துங்க."

"நீ போம்மா, டென்ஷன் ஆவாத. கடைய மூடிட்டுப் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு அண்டாவுக்குக் காவல் இருந்திருக்கிறார் மனுஷன். சாயங்காலம் வந்து பார்த்தேன். எண்ணெய் மாறியிருந்தால் கேனின் அடியில் கிளிசரின் தங்கியிருக்க வேண்டும். ஒரு சொட்டு இல்லை. அண்டாவில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் உதறி எடுத்தேன்.

"இன்னாங்க இது, இப்படிச் சுடுது! கை பொறுக்கிற சூடுன்னுதான சொன்னேன்?"

"பொறுக்குதே" என்றார். மணிக்கட்டுவரை உள்ளே விட்டுத் துழாவியும் காட்டினார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "சூடு சொரணை இருக்குதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையில இல்ல போலருக்குது கலை. எப்ப போச்சின்னு தெரியல."

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் என்னைப் படிக்கவைத்தது கொதிக்கிற எண்ணெயில் பஜ்ஜி போட்ட அந்தக் கைதான். லேபில் அரை டிகிரி கூடினாலும் கண்டுபிடித்துவிடுகிற நான், அதை ஒருநாளும் தொட்டுப் பார்த்துக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மேடத்துக்குப் போன் செய்தேன். "தப்பு என்னுது மேடம். அளவு சரியா சொல்லாம வந்துட்டேன்."

"அப்ப அடுத்த வருஷம்தான் பாக்கணும்" என்று வைத்துவிட்டார்.

திரும்பினால், அவர் கையை லுங்கி மடிப்பில் ஒளித்துக்கொண்டு நிற்கிறார். இழுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

"இது தெரியுதா?"

"தெரியுது" என்றார். "இது தெரியுது கலை."