பர்மியமும் ஸ்பானிஷும் ஒரு தூளிக் கொக்கியும்

சுண்டன்குளத்தில் குழந்தைக்குக் கடைவாய்ப் பல் முளைப்பதற்குள் வாயில் ஒரு மொழியை வைத்துவிட வேண்டும். தவறினால் அந்த இடத்தில் விசில் முளைத்துவிடும். பக்கத்து வீட்டு லிங்கம்மா மதினியின் தம்பிக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆள் நல்ல உழைப்பாளி, கபடிப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் வருகிறான். ஆனாலும் வீட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று கேட்பதற்கும் விசில்தான் அடிக்க வேண்டியிருக்கிறது.

மாரிச்செல்வியின் மகள் பவளத்துக்கு ஈறு தடித்துவிட்டது. சீப்பு, செருப்பு, அப்பாவின் மூக்கு என்று எட்டியதை எல்லாம் கடித்தாள். அந்த வாரம் வெங்காய டெம்போவுக்குப் பின்னாலேயே மொழி டெம்போவும் வந்தது. "மொழியேய்... வாய்க்கு மொழியேய்..." என்று ஒலிபெருக்கி கூவியதும் மாரிச்செல்வி பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினாள்.

"தமிழ் ஒண்ணு போடுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு."

"தமிழ் தீந்துட்டு தாயி," என்றார் டெம்போக்கார ஜெபமணி அண்ணாச்சி. "லோடே வரல. பர்மியம் இருக்கு, ஸ்பானிஷ் இருக்கு."

"அதுல அம்மான்னு வருமா?"

"அம்மா இல்லாத மொழிய நான் வண்டியில ஏத்துறதே இல்ல. என்ன, கொஞ்சம் வேற மாதிரி வரும். ரெண்டையும் வச்சுப் புழங்கிப் பாரு. அடுத்த நடை வரும்போது பிடிச்சத வச்சுக்க, மத்தத குடுத்துரு."

பிள்ளை தன்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர மாரிச்செல்விக்கு அப்போது பெரிய ஆசைகள் ஏதும் இல்லை. இரண்டையும் வாங்கிவந்து அடுக்களையில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பர்மியம் ஓலைப் பெட்டியில் வந்திருந்தது. எழுத்தெல்லாம் வட்டம் வட்டமாக, கைமுறுக்கு மாதிரி. அதில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தலையில் சும்மாடாக வைத்துத் தண்ணீர்க் குடம் சுமந்து பார்த்தாள். குடம் அசையவே இல்லை. ஸ்பானிஷ் தகர டப்பாவில் இருந்தது. குலுக்கினால் உள்ளே 'ர்ர்ர்' என்றது. அதில் கேள்விகளுக்கு முன்னாலேயே ஒரு கேள்விக்குறிக் கொக்கி தலைகீழாக மாட்டியிருந்தது. நல்ல கனமான கொக்கி. ஒன்றைக் கழற்றி உத்திரத்தில் அடித்துப் பிள்ளைக்குத் தூளி கட்டினாள். பழைய கயிறு ஏற்கெனவே நைந்துபோயிருந்தது.

பிள்ளைக்கு எது கொடுத்தாலும் முதலில் தான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். இரண்டையும் அப்படியே பார்த்தாள். கோழியிடம் முதலில் ஸ்பானிஷில் ஒரு கேள்வி கேட்டாள். கொக்கி முன்னால் வருவதால், கேள்வி வரப்போகிறது என்று கோழிக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. அவள் முடிப்பதற்குள் காலடிக்கு வந்து நின்றது. பர்மியத்தில் கேட்டபோது கோழி பாட்டுக்குக் கொத்திக்கொண்டே இருந்தது. கேள்வி என்பது கடைசியில்தான் தெரியும். தெரிந்ததும் தலையைத் தூக்கியது.

"நம்ம பேச்சும் இப்படித்தானே," என்றாள் வேலி மேல் கையூன்றி நின்ற லிங்கம்மா மதினி. "வந்தியா போனியாங்கிறது கடைசியிலதான் வருது."

"ஆமா மதினி. ஆனா அந்த டப்பாவுலயும் நம்ம பழக்கம் ஒண்ணு இருக்கு. வந்தேன்னு சொன்னா போதும், நான்னு தனியா ஒட்ட வேண்டாம். ஆளு அதுக்குள்ளயே உக்காந்திருக்கு."

"அப்ப தமிழ ரெண்டாப் பிச்சு ரெண்டு வீட்டுல கட்டிக் குடுத்தாப்புல இருக்கு."

ஸ்பானிஷை இரண்டு நாள் திறந்து வைத்ததில் அடுக்களைச் சாமான்கள் ஆண் பெண்ணாகப் பிரிந்துவிட்டன. கரண்டியும் பானையும் ஒரு பக்கம், தட்டும் கத்தியும் ஒரு பக்கம். பேருந்தில் உட்காருகிற மாதிரி நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தன. தண்ணீர் பெண்தான், ஆனால் வெளியே வரும்போது ஆண் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. சோறு ஆண். பால் பெண். பவளத்துக்குப் பால்சோறு பிசையும்போது மாரிச்செல்வியின் கணவன் சுடலைமணி எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

"முடிஞ்சதும் கூப்பிடு," என்றான்.

பர்மியத்தில் அந்த வம்பு இல்லை. பானை பானையாக இருந்தது. ஆனால் எண்ணுவதில் அது கண்டிப்பு. முட்டையை உருண்டை என்று சொல்லித்தான் எண்ண வேண்டும், அப்பளத்தைத் தட்டை என்று சொல்லி. ஒரே சத்தத்தை இழுத்தால் ஒன்று, இறக்கினால் ஒன்று, சட்டென்று வெட்டினால் வேறொன்று. ஓலைப் பெட்டி லேசாகச் சாய்ந்தாலும் எல்லாம் இடம் மாறிவிடும். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் பெட்டி சாயாமல் எப்படி இருக்கும்?

"அம்மாவுக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டான் சுடலைமணி.

"பெட்டி அமேங்குது. டப்பா மமாங்குது."

"அமேன்னா ஆடு கத்துற மாதிரில்லா இருக்கு."

"மமாவா இருந்தா மட்டும்? எங்க அண்ணன் வந்து, என்னடா மருமகளேன்னு நிப்பான்."

சுடலைமணி "ம்" என்றான்.

மாரிச்செல்வி யோசித்துப் பார்த்தாள். ஆடு கத்தினாலும் பரவாயில்லை, அண்ணன் வந்து நின்றாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் இரண்டு மூடியையும் இறுக்கி மூடிவிட்டாள். அடுத்த நடை டெம்போ வருவதற்குள் தமிழ் வந்தாலும் வரலாம்.

டெம்போ வருகிற அன்று காலையில் பவளம் கொட்டாவி விட்டாள். கொட்டாவியின் முடிவில் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் ஈறில் ஏதோ நறநறவென்றது. சத்தம் கேட்டு லிங்கம்மா மதினியின் தம்பி அவன் வீட்டிலிருந்து பதில் விசில் கொடுத்தான்.

மாரிச்செல்வி பெட்டியையும் டப்பாவையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். சுடலைமணியும் பின்னாலேயே வந்தான்.

"தமிழ் வந்துட்டா அண்ணாச்சி?"

"புதுசு வரல தாயி. இனி எப்ப வரும்னும் தெரியல. புழங்கின தமிழ் யார்கிட்டயாவது இருந்தா பிள்ளைக்கு ஊத்திரலாம். குடுக்குறவங்களுக்கு இதுல ஒண்ண மாத்தா போட்டுக் குடுப்பேன்."

எல்லாரும் சுடலைமணியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அடியில் ஒரு 'ம்', ஒரு 'சரி', ஒரு 'பாப்போம்' கிடந்தன.

"இது பிள்ளைக்குக் காணாதே."

"அவுக அவ்வளவுதான் வச்சிருக்காக," என்றாள் மாரிச்செல்வி. "என்னுதை எடுத்துக்கோங்க."

"உன்னுது நல்ல தமிழு. நெறைய புழங்கியிருக்க. சரி, உனக்கு எது போட?"

அவள் அதிகம் யோசிக்கவில்லை. ஸ்பானிஷ் எடுத்தால் அடுக்களையில் தட்டுக்கும் கரண்டிக்கும் ஆயுசுக்கும் பஞ்சாயத்து பண்ண வேண்டும்.

"பர்மியம் போடுங்க. அதுல கடைசி வரைக்கும் கேட்டாத்தான் என்ன சொல்றேன்னு விளங்கும். அப்பமாவது இவுக முழுசாக் கேக்கட்டும்."

"சரி," என்றான் சுடலைமணி.

"உத்திரத்துல அடிச்ச கொக்கி மட்டும் எனக்கு வேணும் அண்ணாச்சி."

"அது கொசுறா இருக்கட்டும்."

அண்ணாச்சி பிள்ளைகளுக்குப் புகட்டுகிற பாலாடையைத் துடைத்து அவள் உதட்டுக்குக் கீழே பிடித்தார். "சிந்தாமப் பிடிங்க," என்றாள் மாரிச்செல்வி. அதுவும் சேர்ந்து இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்ததைப் பவளம் சப்புக்கொட்டிக் குடித்தாள். குடித்து முடித்ததும் கடைவாய்ப் பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. விசில் சத்தம் நின்றுவிட்டது.

புழங்கின மொழி என்பதால் பழகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏங்க," என்றாள் பவளம், சுடலைமணியைப் பார்த்து. "சிலிண்டருக்குப் போன் போட்டீங்களா, இல்லையா?"

"பாப்போம்," என்றான் அவன்.

"மதினி, அன்னைக்குக் காபி வாங்கிட்டுப் போன டம்ளரு இன்னும் வீடு வந்து சேரல, ஆமா."

லிங்கம்மா மதினி டம்ளரை எடுக்க உள்ளே போனாள்.

அதற்குள் ஓலைப் பெட்டி முழுவதையும் அண்ணாச்சி மாரிச்செல்விக்கு ஊட்டி முடித்திருந்தார். அவள் நாக்கை ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள். புதிதாக மொழி வைத்த வாயில் முதலில் எந்தச் சொல் வருமோ அதுதான் வந்தது. இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்து அவள் சொன்னாள்:

"அமே."

பவளம் குனிந்து, மாரிச்செல்வி ஒரு வருசமாகத் தன்னிடம் பேசிய அதே பேச்சை எடுத்தாள்.

"என்னடி என் தங்கம்? பசிக்கா? தூக்கம் வருதா? நான் இங்கனதான் இருக்கேன், எங்கயும் போகல."

முந்தானை நுனியை இழுத்து மாரிச்செல்வியின் வாயைத் துடைத்துவிட்டாள். மாரிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் ஒருமுறை "அமே" என்றாள்.

"கண்ணு சொக்குது பாருங்க பிள்ளைக்கு," என்றாள் பவளம், மாரிச்செல்வியைக் காட்டி.

சுடலைமணி வீட்டுக்குள் போய் உத்திரத்துக் கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். தாங்கும் போலத்தான் இருந்தது. தூளியை அவிழ்த்துவிட்டு, துணிப் பெட்டியிலிருந்து கெட்டியான சேலை ஒன்றை எடுத்து இரட்டையாக மடித்துக் கட்டினான்.