தறிக்குழி மண்

மூன்று நாளாக மழை ஓயவில்லை. ஆனாலும் தேவகிக்குக் கோபம் மழையின் மேல் இல்லை, புருஷன் மேல்தான்.

போன மாதம் ராஜகோபால், நெய்ய உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது என்று, கால் தொங்கவிடும் தறிக்குழியை ஆழப்படுத்தினான். தோண்டிய மண்ணைக் கொல்லைக் கதவுக்கு வெளியே, சாக்கடையை ஒட்டிக் குவித்து வைத்தான். இப்போது அந்தக் குவியல் கரைந்து சாக்கடையை அடைத்துவிட்டது. பின்பக்க மேட்டுச் சேறும் சேர்ந்துகொண்டு, கதவைத் தள்ளி, வீட்டுக்குள் வழிந்து, நேராகத் தறிக்குழியில் இறங்கியது.

"தெருவுல கொட்டுன்னு எத்தினி தபா சொன்னேன்?"

"தறிக்குழி மண்ண ஊரு மிதிக்கலாமா? சோறு போடுற மண்ணும்மா அது."

"சோத்துப் பானையிலயும் பூந்துக்கினு இருக்குது, போய்ப் பாரு."

தறியில் இருந்தது அவள் தங்கை அம்சாவின் முகூர்த்தச் சேலை. வெள்ளிக்கிழமை ஓரிக்கையில் கல்யாணம். இன்று புதன். இன்னும் இரண்டு முழம் பாக்கி. மிதிகட்டைகள் சேற்றுக்குள் புதைந்துவிட்டன. நெய்த சேலையைச் சுருட்டியிருந்த மரத்துக்கும் சேற்றுக்கும் நாலு விரல்தான் இடைவெளி.

ராஜகோபால் கூடையில் சேற்றை அள்ளினான். கொல்லைப் பக்கம் போய்க் கொட்டினான். அவன் திரும்பி வருவதற்குள் அதுவும் பின்னாலேயே வந்தது. நாலு நடை பார்த்தாள் தேவகி.

"சேலைய அறுத்துடு."

"கொறையிலயா? எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தத் தறியில கொறைச்சேலை இறங்கினதில்ல."

"உங்கப்பா கொல்லையில மண்ணு குவிச்சாரா?"

குழியின் ஓரம் பொத்தென்று சரிந்தது. சேறு துள்ளி, பட்டில் மூன்று பொட்டு விழுந்தது.

தேவகி கத்தரிக்கோலை எடுத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பாவு இழைகள் விண்ணென்று விட்டுப்போன சத்தம் கேட்டு அவன் தோள் குலுங்கியது. அவள் சேலையைச் சுருட்டி, பழைய வேட்டியில் பொதிந்து, பரண்மேல் வைத்தாள்.

"ரெண்டு முழம் கொறையுதே" என்றான்.

"உள்ள சொருகுற பக்கம்தான். அவ ஒல்லி. போதும்."

அவன் கூடையை மறுபடி நிரப்பினான். கால் தானாகக் கொல்லைப் பக்கம் திரும்பியது.

"தெருவுக்குய்யா!" என்று கத்தினாள் தேவகி. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.