இனி அடைக்காது

லோகப்பிரியா காரின் பானெட்டைத் திறந்தாள். கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவின் நீல மூடியைக் கழற்றி, போர் தண்ணீரை ஊற்றினாள். சோப்புக் கட்டியைச் சீவி வெந்நீரில் கரைத்து வைத்திருந்ததையும் ஊற்றினாள். உப்புத் தண்ணீரில் சோப்பு திரியும். வெள்ளையாகக் கட்டும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது தெரியும்.

அப்பா வர வேண்டும். வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வேறு வழி எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

போன் மாமியாரிடம் இருந்தது. எப்போதாவது ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பார். "நல்லா இருக்கறனுங்கப்பா" என்று சொன்னதும் திரும்ப வாங்கிக்கொள்வார். பொங்கலுக்குக்கூட ஊருக்கு அனுப்பவில்லை. ஆனால் காரில் ஏதாவது கெட்டால் மட்டும் அப்பாவுக்குத் தகவல் போகும். கல்யாணத்தில் சீராக வந்த கார். அவர்கள் குடியிருந்த கணபதியில் தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருந்தார்கள். இருந்தாலும் கோபிசெட்டிபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அப்பாதான் வர வேண்டும்.

அந்த வாரமே அடைத்துக்கொண்டது. பவுண்டரிக்குக் கிளம்பிய அவள் கணவன் மதன்குமார் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான். மோட்டார் சத்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை. வைப்பர் கரித்தூளை இழுத்துக் கண்ணாடி முழுக்கப் பூசியது.

"உங்கொப்பன் பாத்துப் பாத்து எடுத்த வண்டி. மூஞ்சி கழுவக்கூட வக்கில்லை" என்றான்.

"சம்மந்தியை வரச் சொல்லுடா. குடுத்தவங்கதான பாக்கோணும்" என்றார் மாமியார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தனபால் பஸ்ஸில் வந்தார். ஒரு கையில் டூல்ஸ் பை, மறு கையில் கதலிப்பழச் சீப்பு.

"வாங்க சம்மந்தி. நாங்க கூப்பிட்டா வரமாட்டீங்க, காரு கூப்பிட்டா ஓடி வாரீங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்று அப்பா சிரித்தார். அவளைப் பார்த்து, "எளைச்சுட்டியே கண்ணு" என்றார்.

"டயட்டு" என்றான் மதன்குமார். அப்பா அதற்கும் சிரித்தார்.

பானெட்டைத் திறந்து குழாயை உருவினார். குழாயில் தண்ணீர் வந்தது. அப்படியானால் அடைப்பு தண்ணீர் பீச்சும் நாசிலில்தான். பையிலிருந்து குண்டூசியை எடுத்துக் குத்தினார்.

"என்ன தண்ணிங்க மாப்பிள்ளை ஊத்தறீங்க?"

"போர் தண்ணிதானுங்க மாமா. குடிக்கற சிறுவாணித் தண்ணியைக் கொண்டுபோய்க் காருக்கா ஊத்துவாங்க?"

ஊசி முனையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. உப்பு என்றால் நறநறவென்று இருக்கும். இது வழுவழுவென்று இருந்தது. அப்பா விரல்களில் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா கண்ணு. வினிகர் இருந்தா அதும்."

அவள் கொண்டுவந்தபோது மதன்குமார் போன் பேச மாடிக்குப் போயிருந்தான். மாமியார் அடுப்பில் பால் வைத்திருந்தார். பாத்திரத்தை நீட்டினாள். வளையல்கள் பின்னால் நகர்ந்தன. மணிக்கட்டுக்கு மேல் பச்சையாகக் கன்றியிருந்ததை அப்பா பார்த்தார்.

"சோப்பு யாரு போட்டது?"

"நாந்தானுங்கப்பா. நீங்க வரோணும்னுதான்."

அப்பா நாசிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் வந்தர்றனுங்கப்பா. இன்னைக்கே. துணிகூட வேண்டாம்."

அப்பா வினிகர் கலந்த தண்ணீரை டப்பாவில் ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே போனார். வேகமாக நடந்தார்.

ஆட்டோ கூப்பிடப் போகிறார் என்று நினைத்தாள். உள்ளே ஓடிப் பீரோவிலிருந்து சர்டிபிகேட் பையை எடுத்தாள். முன்வாசல் கதவுக்குப் பின்னால் வைத்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

ஆட்டோ சத்தம் கேட்கவில்லை. அப்பா நடந்தே திரும்பி வந்தார். கையில் உப்பில்லாத பேட்டரித் தண்ணீர் கேனும், சிறிய பிளாஸ்டிக் பில்டரும் இருந்தன.

அவள் காலில் செருப்பு இருந்ததைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ரித்திகாவுக்கு வைகாசில தேதி வெச்சாச்சு கண்ணு" என்றார் மெதுவாக. "இப்பப் போயி நீ வந்து நின்னீன்னா அந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரவிய என்ன நெனப்பாங்க? கொஞ்சம் பொறுத்துக்க. தங்கச்சிக்கு முடியட்டும்."

"அதுக்கப்புறம்?"

அப்பா குழாயை வெட்டி நடுவில் பில்டரைப் பொருத்தினார். டப்பாவைத் திரும்பத் திரும்ப அலசினார். நாசிலின் உள்ளே ஊதினார். வேலையில் ஒரு குறையும் இல்லை.

மதன்குமார் இறங்கி வந்து பொத்தானை அழுத்தினான். இரண்டு பக்கமும் தண்ணீர் சீறி அடித்தது.

"இனி அடைக்காதுங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. "பேட்டரித் தண்ணி மட்டும் ஊத்துங்க. அப்பப்ப ஒருக்கா அழுத்தி உடுங்க, சும்மா நின்னா ஒறஞ்சுபோயிரும்." டூல்ஸ் பையை மூடினார். "தண்ணி நீங்களே ஊத்திக்குங்க. ஊட்டுல பொம்பளைங்க கையில உடவேண்டாம்."

"அதுவுஞ் செரிதானுங்க மாமா. வாங்க, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டர்றேன்."

அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்தார். கார் கிளம்பும்போது மதன்குமார் விளையாட்டாக இன்னொரு முறை அழுத்தினான். கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் முகம் தண்ணீரில் கலைந்தது. வைப்பர் வந்து துடைத்தது. சுத்தமான கண்ணாடி. அப்பா மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு சந்துல என்ன பையி அம்மணி அது?" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

அவள் வாசல் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா துடைத்துப் போட்ட துணியை எடுத்த விரலில் அந்த வெள்ளைப் பிசுக்கு ஒட்டியிருந்தது. சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். அந்தப் போர் தண்ணீரில் நுரை வரவில்லை. பிசுக்கு இன்னும் கூடியது.