அர்வா அடித்த எழுத்து

ஏரலில் அழைப்பிதழ் அச்சடிக்கும் அலி அஸ்கரின் கடைக் கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமை காலை மூன்று முறை 'பீப்' என்று கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பதினைந்து வருடப் பழசு. அவருடைய பழைய தமிழ் எழுத்துருக்கள் அதில் மட்டும்தான் ஓடின என்பதால் மாற்றாமல் வைத்திருந்தார். மதியம் திருநெல்வேலியிலிருந்து சுகிர்தா வந்தாள். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது அவள் தொழில்.

"மெமரி போயிட்டுன்னு பக்கத்துக் கடையில சொல்லுதாங்க. அப்போ சேத்து வச்சதெல்லாம் போச்சாம்மா?"

"அது ஹார்ட் டிஸ்க்குல பத்திரமா இருக்கும் அண்ணாச்சி. இது வேலை நடக்கும்போது மட்டும் வச்சுக்கிடுத ரேம்."

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். இரண்டு ரேம்களையும் உருவி, தூசி தட்டி, செருகும் விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டாள். திரை வந்தது. அலி அஸ்கர் எழுந்து டீ சொல்லப் போனார்.

அவள் அதோடு விடவில்லை. பென் டிரைவிலிருந்து ரேம் சோதனையை ஓடவிட்டாள். பத்து நிமிடத்தில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் இறங்கின. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றில் குறை இல்லை. இன்னொன்றை எந்த இடத்தில் செருகினாலும் சிவப்புதான்.

"இது கெட்டுப்போச்சு. அடிச்ச எழுத்து தானா மாறியிருக்குமே, கவனிச்சீங்களா?"

"தானாவா?" என்றார் டீ சொல்லிவிட்டுத் திரும்பியிருந்த அலி அஸ்கர்.

ஒரு மாதத்துக்கு முன் நானூறு கல்யாணப் பத்திரிகை திரும்பி வந்திருந்தது. மணப்பெண் பெயரில் ஓர் எழுத்து பிழை. முந்தின நாள் சரிபார்த்த தாளில் பெயர் சரியாகத்தான் இருந்தது. தட்டச்சு செய்யும் அர்வா பிறகு எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தார். "நான் தொடவே இல்ல மாமா" என்று அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பெண் வீட்டார் முன்னால் சத்தம் போட்டார். மறுநாள் முதல் அவள் வரவில்லை.

சுகிர்தா கெட்ட ரேமை மட்டும் போட்டு, ஒரே கோப்பைப் பத்துப் பிரதி எடுத்துத் திறந்து காட்டினாள். இரண்டில் எழுத்து மாறியிருந்தது. அலி அஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு தெரு தள்ளித்தான் அவ வீடு. நீயும் வாம்மா. எனக்கு வெவரமாச் சொல்லத் தெரியாது."

கதவைத் திறந்தவர் அர்வாவின் வாப்பா காஜா முகைதீன். சுகிர்தா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு அலி அஸ்கர், "தப்பு மிஷின்ல. நான்தான் தெரியாம ஏசிட்டேன். மாப்பு குடுத்துருங்க" என்று மன்னிப்புக் கேட்டார்.

அர்வா உள்ளேயிருந்து வந்தாள். "நாலு பேர் முன்னால ஏசுனீங்க மாமா. அவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

அவர் வாசலில் நின்றபடியே போனை எடுத்து மணப்பெண்ணின் தகப்பனாரை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அர்வா மேல் தவறில்லை என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் பக்கம் அவர், "சரி பாய், கல்யாணமே முடிஞ்சிட்டே" என்றார்.

"நாளைக்கு வேலைக்கு வாரியாம்மா?" என்று அர்வாவிடம் கேட்டார்.

"திருச்செந்தூர்ல ஒரு கடையில சேந்துட்டேன்."

"நல்ல கடையா?" என்றார் அலி அஸ்கர்.

"நல்ல கடைதான் மாமா" என்றாள் அர்வா. "உள்ள வாங்க, டீ போடுதேன்."