மூன்று மாதத்துக்கு மட்டும்

அண்ணன் இறந்த ஏழாம் நாள் காலையில் முதல் மாடிக் கம்பவுண்டர் காகிதத்தோடு வந்துவிட்டார்.

நான்கு மாடி, நாற்பது வீடு. அத்தனை பேருக்கும் அவர் அண்ணன். ஆகவே அவர் மனைவி அத்தனை பேருக்கும் அண்ணி. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த தையல்காரம்மாவுக்கும் அண்ணிதான். லேத் பட்டறையில் நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்று சொல்லி அனுப்பியபோது அண்ணி தொண்டை வறளக் கதறினாள். அழுகை ஓய்ந்ததும் உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசு யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று ஆறு நாளாகத் தலையைக் குனிந்தே இருந்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

"உக்கார நேரமில்ல அண்ணி. மோட்டார் ரூம் சாவி இப்படிக் கேட்பாரத்துக் கெடக்கலாமா? பதினோரு மணிக்கு முற்றத்துல எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். சின்னண்ணன் பேருக்கே எழுதியாச்சு. வழக்கம்போல மொதக் கையெழுத்து உங்களோடது."

சின்னண்ணன் என்றது அவள் மகனை. இருபத்துநான்கு வயது, லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் வரை கம்பவுண்டருக்கு அவன் 'டேய்'.

காகிதத்தில் அதே வாசகம்: 'நிலைமை சீராகும் வரை, மூன்று மாதத்துக்கு மட்டும்.' இது ஐம்பத்தேழாவது காகிதம்.

முதல் காகிதத்துக்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது. கட்டடச் சொந்தக்காரனின் ஏஜென்ட் மோட்டார் ரூமைப் பூட்டி வைத்துக்கொண்டு, நாளுக்கு அரை மணி நேரம் தண்ணீர் விட்ட காலம். ஒரு நாள் நாற்பது வீடும் குடத்தோடு இறங்கியது. முன்னால் நின்றது அவள் கணவர். பட்டறைச் சுத்தியலால் பூட்டை உடைத்தார். ஏஜென்ட் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடினான். அன்று மூன்றாம் மாடி வாத்தியார் படிக்கட்டில் ஏறி நின்று பேசினார். தையல்காரம்மா குலவை விடாத குறைதான். புதுப் பூட்டுக்கு ஒரே சாவி, மாடிக்கு ஒருவராக நான்கு பேர், வாரத்துக்கு ஒருவர் கையில் என்று முடிவானது.

இரண்டு வருடம் அப்படி நடந்தது. பிறகு ஒரு கோடையில் நான்காம் மாடிக்காரர் மோட்டாரை நிறுத்த மறந்து தூங்கிப்போனார். மோட்டார் கருகி, ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. "நாலு பேர் கையில இருந்தா நாய் வாயில இருக்குற துணிதான். ஒருத்தர் கையில இருக்கட்டும், மூணே மாசம்" என்றார் கம்பவுண்டர். அண்ணன் மறுத்தார். நிஜமாகவே மறுத்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். வற்புறுத்திக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதமே மழை கொட்டித் தொட்டி நிரம்பி வழிந்தது. மூன்று மாதம் முடிந்தபோது, "அடுத்த கோடை வருதே" என்று இரண்டாவது காகிதம் வந்தது. அதை அவர் மறுக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அண்ணனிடம் வால்வு இருந்தது. மோட்டார் ரூமுக்குள் மாடிக்கு ஒரு வால்வு. ஒருவர் வாய் திறந்தால் அந்த மாடிக்கே தண்ணீர் நிற்கும். மற்ற ஒன்பது வீடும் சேர்ந்து அந்த வாயை மூடிவிடும். அவர் யாரையும் அதட்ட வேண்டியதே இல்லை.

வாத்தியார் ஒரு மாலையில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் ராஜாவின் தலையை எடுத்தார்கள். அந்த ஜனங்களுக்குக் காவல் நின்ற தளபதி பத்துப் பதினோரு வருடத்தில் தானே கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டான் என்று.

"யாரைப் பத்திச் சொல்றீங்க வாத்தியாரே?" அண்ணன் படியில் நின்றார்.

"இது இருநூறு வருஷத்துக்கு முந்தி நடந்தது அண்ணே."

"அப்பறம் ஏன் பசங்க இப்பச் சிரிக்குதுங்க?"

மூன்றாம் மாடிக்கு ஐந்து நாள் தண்ணீர் இல்லை. ஆறாம் நாள் வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் பிள்ளைகளுக்குக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

அவளுக்கு மறக்காதது கொழுந்தன் விஷயம். அண்ணனின் கூடப்பிறந்த தம்பி, அதே இரண்டாம் மாடியில் எதிர்வீடு. "போதும்ணே, சாவியை மறுபடி நாலு பேருக்கே குடுத்துடு" என்று சோறு தின்றுகொண்டே சொன்னான். மறுநாள் இரண்டாம் மாடி வறண்டது. அவர்கள் வீடும் அதே மாடி. அவள் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தாள். "சொந்த வீட்டுக்கே தண்ணியில்ல, பாருங்க அண்ணன் நியாயத்தை!" என்று கட்டடமே மெச்சியது. நான்காம் நாள் கொழுந்தன், பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டைக் காலிசெய்து வண்டியேறினான். அடுத்து வந்த காகிதத்திலும் முதல் கையெழுத்து அவளுடையதுதான். அதை அவள் யார் மேலும் போட்டுத் தப்ப முடியாது.

இதெல்லாம் போனது போகட்டும். அவளைக் கலக்கியது நேற்று நடந்தது. மூன்று நாளாக மோட்டாரைப் போடுவது மகன்தான். யாராவது போட்டாக வேண்டுமே. நான்காம் மாடிப் பெண் ஒருத்தி, "குழந்தைக்கு வயித்துப்போக்கு தம்பி, பத்து நிமிஷம் கூட விடுறியா?" என்று கேட்டாள். மகன் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான். "பார்க்கலாம்" என்றான்.

அப்பாவின் சொல். அப்பாவின் இழுவை.

பதினோரு மணிக்கு முற்றம் நிறைந்திருந்தது. தையல்காரம்மா ஊசி குத்திய ரவிக்கையோடே வந்திருந்தாள். வாத்தியார் சுவரோரம். நடுவில் ஒரு நாற்காலி. கம்பவுண்டர் மகனை அதில் உட்கார வைத்திருந்தார். அவன் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, இங்க" என்று கம்பவுண்டர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

அவள் காகிதத்தை வாங்கினாள். ஐம்பத்தாறு முறை போட்ட கை தானாகவே கீழே இறங்கியது. அதை நிறுத்துவதற்குத்தான் பலம் தேவைப்பட்டது.

"எனக்குச் சம்மதமில்ல."

பதினான்கு வருடத்தில் இந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. கேட்டபின் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார்.

"அண்ணி துக்கத்துல இருக்காங்க" என்றார் கம்பவுண்டர்.

"துக்கத்துலதான் இருக்கேன். புத்தியோடவும் இருக்கேன். நிலைமை சீராகுறவரைக்கும்னு எழுதியிருக்கீங்களே, எந்த நிலைமை? தொட்டி நிறையத் தண்ணி இருக்கு. மேல போய்ப் பாத்துட்டு வாங்க."

"ஒருத்தர் பொறுப்புல இல்லேன்னா மோட்டார் மறுபடி கருகும் அண்ணி."

"கருகட்டும். ஒன்பது நாள் தெருக்குழாய்ல பிடிச்சோம், செத்தா போனோம்? என் புருஷன் நல்ல மனுஷனா அந்த ரூமுக்குள்ள போனார். உங்க எல்லாருக்கும் தெரியும். என் பிள்ளையும் நல்லவன்தான். அதனாலதான் சொல்றேன்."

நான்காம் மாடிப் பக்கமிருந்து ஒரு குரல்: "அப்ப எங்களுக்கு யார் தண்ணி விடுறது?"

"கை இல்லியா ஒனக்கு?" என்றாள் தையல்காரம்மா. கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு அடக்க முடியாமல் வெடித்தது. "எனக்கும் சம்மதமில்ல. எழுதிக்கய்யா கம்பவுண்டரே."

"எனக்கும்" என்றார் வாத்தியார். ரொம்ப மெல்லத்தான் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார்.

கம்பவுண்டர் நாற்காலியைப் பார்த்தார். அதில் ஆள் இல்லை. மகன் எழுந்து மோட்டார் ரூமுக்குப் போயிருந்தான். திருப்புளியால் கதவுக் கீலைக் கழற்றும் சத்தம் கேட்டது. கதவைப் பூட்டோடு தூக்கிவந்து சுவரில் சாய்த்தான், வேர்த்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"நீ கையெழுத்துப் போட்டிருந்தா, நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேம்மா" என்றான்.

"தெரியும்."

"நேத்து அந்தக்கா கேட்டப்ப, எனக்கு... நல்லாத்தான் இருந்துச்சு."

"அவருக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள். அவன் தலையில் கை வைத்தாள். சின்ன வயதில் அழுததுபோல் அழுதான், அப்பாவுக்காக. இந்த ஏழு நாளில் அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

மோட்டார் ரூம் சுவரில் வாத்தியார் நாற்பது வீட்டுக்கும் முறை எழுதினார். மூன்றாம் நாள் ஒரு வீட்டுக்காரர் மறந்துபோய்த் தொட்டி வழிந்து முற்றம் குளமானது. காலை ஆறரை மணிக்குக் கட்டடமே ஜன்னலில் நின்றது.

"கண்ணு எங்கய்யா வெச்சிருந்தே, பொடனியிலயா?"

"வாய அடக்கிப் பேசு! நாளைக்கு உன் முறைதான், பாக்கத்தானே போறேன்!"

"பாருடா, நல்லாப் பாரு! துரை பெரிய மோட்டார் இன்ஜினியரு!"

அண்ணி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து ஜன்னலைத் திறந்து வைத்தாள். நான்கு மாடியும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தது. யாரும் யாருக்கும் பயப்படவில்லை. நடுவில் ஒரு குரல் மேலே பார்த்து, "நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க அண்ணி!" என்று கூப்பிட்டது.

"எனக்கு வேலையிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.